அமுக்கநீக்க நோயும் அதன் தடுப்பு முறையும்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தல் பன்னூறு ஆண்டுகள் நடைபெற்ற தொழிலாகும். தோணியினின்று குதித்த சுழியோடி கல்லின் பாரத்தால் அடித்தளத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பிகளைத் திரட்டி, மேலுள்ளோர் கயிற்றை இழுக்க விரைந்து எழுந்தான். மூச்சுத் திணறலும் காதுநோவும் சுறாவுமே அவன் அஞ்சிய இடர்கள். நலமாக வெளிவந்த ஒருவன் சிறிது நேரத்தின்பின் மூட்டுகள் நொந்து, கால்கள் மரத்து வீழ்தல் அத்தொழிலுக்குரிய இடராகக் கருதப்படவில்லை. இந்நோய் பெருவழக்காயது, மனிதன் நீரின் அடியில் நெடுநேரம் மூச்சுவிடக் கற்ற பின்னரேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாலத்தூண்களுக்கு அத்திவாரமிடுவோர், அடிப்புறம் திறந்த பெரும் பெட்டியை ஆற்றில் இறக்கி, நீர் புகாவண்ணம் அதனுள் அமுக்கிய காற்றைச் செலுத்தினர். கெய்சன் எனப்படும் அப்பெட்டியினுள் நின்று தொழிலாளர் மண்ணை அகழ்ந்தனர். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்திற்கென இறக்கிய இரு கெய்சன்களுள் ஒன்று 78 அடிக்கும் கீழே சென்றது. அங்கு மருத்துவராயிருந்த அன்ட்ரூ சிமித், 110 பேருக்குச் சிகிச்சை செய்ததைப் பதிந்துள்ளார். தலைமைப் பொறியியலாளர் வாசிங்ரன் ரோப்ளிங் 1872 இல் தாமே இந்நோய்வாய்ப்பட்டார். அதன்பின் பணித்தளத்திற்குச் செல்ல இயலாத அவர், தம் இல்லத்துச் சாளரத்தினின்றே வேலையைக் கண்காணித்தார். மனைவியார் எமிலி அவருடைய கட்டளைகளைக் கொண்டுசென்று உதவ, 1883 இற் பாலம் திறக்கப்பட்டது.

இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கெய்சனுள் இருக்கும்வரை எவரும் நோவு அறிந்திலர். வெளியே வந்த பின்னரே துன்புற்றனர். பிரெஞ்சு மருத்துவர்களாகிய போல், வற்றெல் என்போர் 1854 இலேயே இதனைக் கண்டு எழுதினர். நோயுற்றவன் மீண்டும் அமுக்கிய காற்றினுட் செல்லின் நோவு தணிதலையும் அவர்கள் கண்டனர். ஆகவே, கேடு ஆழத்தில் இருத்தலால் மட்டும் விளைவதன்று. அங்கிருந்து விரைந்து மீளுதலால் விளைவதாகும்.

இதன் காரணத்தை 1878 இல் விளக்கியவர் பிரெஞ்சு உடற்றொழிலியல் அறிஞர் போல் பேர்ட். திரவத்தின்மீது வாயுவின் அமுக்கம் மிகுந்தால் அதிற் கரையும் வாயுவின் அளவும் மிகும் என்பது 1803 இல் வெளிவந்த ஹென்றியின் விதி. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. அவ்வமுக்கத்திற் சுவாசிக்கும் காற்றின் ஒட்சிசனை உடல் செலவிடும். ஐந்தில் நான்கு பங்கான நைதரசனை அது செலவிடுவதில்லை. அது குருதியிலும் இழையங்களிலும், சிறப்பாகக் கொழுப்பிலும், கரைந்து தங்குகின்றது. சோடாப் போத்தலைச் சட்டெனத் திறந்தால் நுரைத்துப் பொங்குதலையும், மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் வாயு அமைதியாக வெளியேறுதலையும் நாம் கண்டிருக்கிறோம். அதுபோல, மெல்ல ஏறுவோனின் நைதரசன் சுவாசப்பை வழியே நீங்கும். விரைந்து ஏறுவோனின் உடலிலோ குமிழிகள் தோன்றும். அவை மூட்டில் நோவையும், முண்ணாணைத் தாக்கிற் கால்களில் முடத்தையும் விளைவிக்கும். முத்துக்குளிப்போன் மேலிருந்து கொண்டுசென்ற ஒரு மூச்சுக் காற்றை மட்டுமே உடையவன். அவனுடலிற் கரையும் நைதரசன் சிறிதே. ஆயினும் ஓய்வின்றிப் பலமுறை ஆழமாக மூழ்குவோர்க்கு அவ்விலக்கும் முற்றாகப் பொருந்தாது.

தடுக்கும் வழியைக் கணக்கிட்டுத் தந்தவர் ஜோன் ஸ்கொற் ஹால்டேன். பிரித்தானியக் கடற்படையின் பொருட்டு அவரும் பொய்கொற், டமன்ற் என்போரும் ஆடுகளை அமுக்க அறையிலிட்டு ஆராய்ந்து, முடிவுகளை 1908 இல் வெளியிட்டனர். நோவுற்ற ஆடு தன் காலைத் தூக்கி நிற்கும். அதுவே அவர்களுக்குச் சான்று. இரண்டு வளிமண்டல அமுக்கத்தினின்று ஒன்றிற்கு இறங்குதல் தீங்கு செய்வதில்லை என்பதை ஹால்டேன் கண்டார். ஆதலின் மொத்த அமுக்கம் பாதியாகும் நிலைவரை ஏறி, அங்கே தரித்து, பின் படிப்படியாக ஏறுக என விதித்தார். 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு மடங்கு. அதிற் பாதி 10 மீற்றரில் அமையும். பிற்காலத்தார் இக்கணக்கு நெடிய மூழ்கல்களுக்குப் போதாதெனக் கண்டு திருத்தினராயினும், தரித்தேறும் முறை அவர் வகுத்ததே.

இவ்விதி கடலோடு நிற்பதன்று. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் வளிமண்டல அமுக்கம் தரையிலுள்ளதிற் பாதியாகும். பத்து மீற்றர் ஆழத்தினின்று நீர்மட்டத்திற்கு வருவோனும், தரையினின்று அவ்வுயரத்திற்குப் பறப்போனும் ஒரே விகித மாற்றத்தையே அடைகின்றனர். அமுக்கம் பேணப்படாத விமானங்களில் அதற்கும் மேலே பறந்தோர் இந்நோயுற்றது இதனாலேயே. விண்வெளி வீரர் குறைந்த அமுக்கமுள்ள உடையணிந்து வெளிச்செல்லுமுன் தூய ஒட்சிசனைச் சுவாசித்து நைதரசனை அகற்றுகின்றனர். பயணிகள் விமானத்தின் உள்ளமுக்கமும் 6,000 முதல் 8,000 அடி வரையான மலையுச்சிக்கு ஒப்பானது. எனவே தரிப்புத் தேவைப்படாத ஒரு மூழ்கலின் பின் 12 மணித்தியாலமும், பலமுறை மூழ்கின் 18 மணித்தியாலமுமேனும் பறத்தலாகாது. தரித்தேற வேண்டிய மூழ்கலாயின் அதனினும் நெடிது காத்தல் வேண்டும். காலையிற் திருகோணமலையில் மூழ்கி மாலையில் 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவை அடைவோனுக்கும் இவ்வெச்சரிக்கை உரியதே.

காற்றுக்கலன் தாங்கி மூழ்குவோர் நிமிடத்திற்கு 10 மீற்றருக்கு மேற்படாது ஏறுதலும், 5 மீற்றரளவில் மூன்று நிமிடமேனும் தரித்தலும், ஆழத்திற்கும் நேரத்திற்கும் உரிய அட்டவணையையோ அளவிடுங் கருவியையோ மீறாதிருத்தலும் வேண்டும். ஏறும்போது மூச்சை அடக்கலாகாது. 10 மீற்றரினின்று மேல்வரும்போது சுவாசப்பைக் காற்று இருமடங்காக விரிந்து அதனைக் கிழித்துவிடக்கூடும். இது நைதரசன் கரையாத சில நிமிட மூழ்கலிலும் நேர்வது.

மூட்டுநோவு, தோலிற் தினவு, மரப்பு, தள்ளாட்டம், சிறுநீர் தடைப்படல் என்பன பெரும்பாலும் ஆறு மணித்தியாலத்துள் தோன்றும் குறிகள். இவற்றைக் களைப்பென்றும் வாதமென்றும் எண்ணி உறங்கச் செல்லுதலே பெருந்தவறு. நோயுற்றவனைப் படுக்கவைத்து, தூய ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறையுள்ள மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாது கொண்டுசெல்லல் வேண்டும். அங்கு அமுக்கத்தை உயர்த்திக் குமிழிகளைச் சுருக்கி, ஒட்சிசன் சுவாசிக்கச் செய்து மெல்ல மீட்பர். நோவு தணிய மீண்டும் கடலில் இறக்குதல் உயிருக்கே இறுதியாகலாம்.

எம் கடல்களிலும் இன்று சங்கும் கடலட்டையும் எடுப்போர் காற்றுக்கலனுடன் மூழ்குகின்றனர். எடுத்த பொருளின் அளவே வருவாயாகுமிடத்து, ஏறும் வழியில் வெறிதே நிற்கும் மூன்று நிமிடம் அவர்க்கு இழப்பாகத் தோன்றும். எம் மாணவருட் சிலர் அவர்தம் மக்களாயும் உடன்பிறந்தாராயும் இருத்தல் கூடும். பௌதிக வகுப்பிற் கற்கும் ஹென்றியின் விதியைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாது, இல்லத்திற் சென்று எடுத்துரைப்பாராயின், அக்கல்வி ஓர் இளைஞன் தன் கால்களால் நடந்து வீடு திரும்பத் துணைசெய்யும்.