இரண்டு வரி அஞ்சலி போதாது

ஈழத் தமிழரின் மரண அறிவித்தலுக்கு ஒரு வார்ப்பு உண்டு. புளியந்தீவைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் மைத்துனரும் ஆவார். உறவு முறை ஒன்றுவிடாமல் வரும். பார்வைக்கு வைக்கும் இடமும், அடக்கம் செய்யும் நேரமும், தொடர்புக்கு நான்கு நாட்டுத் தொலைபேசி எண்களும் வரும். அவர் எங்கே படித்தார், எந்த ஆண்டில் ஊரை விட்டார், ஏன் விட்டார் என்பது பெரும்பாலும் வராது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஓடி வருபவர்கள் பழைய மாணவர்கள். இன்ன ஆண்டு உயர்தரம் எழுதியவர், விடுதியில் இருந்தவர், கூடைப்பந்து அணியில் ஆடியவர், இன்ன பாதரிடம் பௌதிகம் படித்தவர் என்று இரண்டு வரியில் ஒரு குறிப்பு அவர்களுக்குள் சுற்றும். அதன் கீழே ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று ஐம்பது பேர் எழுதுவார்கள். அத்துடன் அந்த மனிதரின் கதை முடிந்துவிடும்.

அந்த இரண்டு வரியைப் பொழுதுபோக்கு என்றும், வயதானவர்களின் பழங்கதை என்றும் ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து நேர் எதிரானது. போரும் புயலும் புலப்பெயர்வும் கலைத்துப்போட்ட ஒரு சமூகத்தில், பள்ளித் தோழர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பரிமாறிக்கொள்ளும் செய்தியும் அஞ்சலியுமே தொடர்ச்சி அறாத ஒரே ஆவணம். ஆகவே பழைய மாணவர் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை முழுமையாகவும் உண்மையாகவும் எழுதிச் சேர்ப்பது. நிதி திரட்டுவது அதற்குப் பிறகுதான். இதைப் பொதுவாகச் சொல்லாமல் ஒரு பள்ளியை வைத்துச் சொல்கிறேன்: மட்டக்களப்பின் புகழ்பெற்ற ஆண்கள் பள்ளியான புனித மிக்கேல் கல்லூரி.

1873ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் பள்ளி அது. யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து 1893இல் திருகோணமலை பிரிந்த பின், கிழக்கின் கத்தோலிக்கப் பணி பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களிடம் வந்தது. அவர்களில் ஒருவரான பொன்னெல் பாதரின் பெயரை மிக்கேல் கல்லூரியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற சைவப் பிள்ளை இங்கே படித்து, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறி, இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பின்னர் யாழ்ப்பாணத்தின் இன்னொரு கத்தோலிக்கப் பள்ளியான புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். அவர்தான் சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், ‘யாழ் நூல்’ தந்தவர். ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் நினைவு கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி பிரெஞ்சுக்காரர்களின் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் வந்தார்கள். கூடைப்பந்தை மட்டக்களப்பின் ஊர் விளையாட்டாக ஆக்கியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான வெபர் பாதரின் பெயரில் நகரில் இன்றும் மைதானம் இருக்கிறது. 1948இல் வந்த மில்லர் பாதர் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். போர்க்காலத்தில் சமாதானக் குழுவில் நின்று, பிள்ளைகளைத் தேடி அலைந்த பெற்றோரின் முறைப்பாடுகளைப் பதிந்தவர். எழுதி வைப்பது எவ்வளவு பெரிய தொண்டு என்பதை அந்த மாவட்டத்துக்குக் காட்டிய மனிதர் அவர்.

இப்போது ஒரு கேள்வி. இந்தப் பள்ளியின் கதையை முழுதாக வைத்திருப்பது யார்? பிரெஞ்சுக் குருக்களின் கடிதங்கள் பிரான்சில் இருக்கும். அமெரிக்கர்களுடையவை அமெரிக்காவில் இருக்கும். 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் இலங்கையின் உதவிபெறும் பள்ளிகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. மிக்கேல் கல்லூரியும் காலப்போக்கில் அரச பாடசாலையாகி, இன்று தேசிய பாடசாலையாக இருக்கிறது. நிர்வாகம் மாறும்போது கட்டடமும் நாற்காலியும் கைமாறும், நினைவு கைமாறாது. அதிபர் எழுதும் சம்பவத் திரட்டும் மாணவர் சேர்விடாப்பும் தேதியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் மட்டக்களப்பின் கூரைகள் பறந்தன. கூரை போன கட்டடத்தில் மழைக்குத் தப்பும் காகிதம் எத்தனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு போர், 2004இல் கடல்கோள். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது, திருச்சபையின் நிர்வாகமும் மறுபடி பிரிந்தது. வெவ்வேறு நாட்டுக் குருக்கள், இரண்டு வகை நிர்வாகம், மூன்று மறைமாவட்டங்கள். இத்தனை கை மாறியும் மாறாமல் இருந்தது அங்கே படித்த பையன்களின் கூட்டம் ஒன்றுதான்.

ஒரு வகுப்புப் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். தடித்த அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். கீழே ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று ஒரு வரிசை, ‘இருப்பவர்கள்’ என்று ஒரு வரிசை, கடைசியில் ‘சமுகமளிக்காதோர்’ என்று இரண்டு பெயர். அட்டையின் ஓரத்தைக் கறையான் அரித்துவிட்டால் முகங்கள் மிஞ்சும், பெயர்கள் போய்விடும். இரண்டாம் வரிசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பவன் யார், அவன் ஏன் அடுத்த ஆண்டுப் படத்தில் இல்லை என்பதைச் சொல்ல அதே வரிசையில் நின்ற இன்னொருவனால்தான் முடியும். குருக்களாலும் கல்வித் திணைக்களத்தாலும் முடியாது. பெற்ற பிள்ளைகளால்கூட முடியாது. அவன் தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் கிடைக்காமல் கப்பலேறினானா, இயக்கத்துக்குப் போனானா, இராணுவம் கொண்டுபோனதா, கட்டணம் கட்ட முடியாமல் வயலுக்கு இறங்கினானா? ‘சமுகமளிக்காதோர்’ என்ற அந்தக் கடைசி வரியில்தான் கிழக்கின் அரை நூற்றாண்டு இருக்கிறது. அஞ்சலிக் குறிப்புகள் நிற்பவர்களையும் இருப்பவர்களையும் பற்றியே எழுதப்படுவது என் முதல் வருத்தம்.

1990ஆம் ஆண்டின் ஆகஸ்டும் செப்டெம்பரும் இதற்கு ஓர் உரைகல். ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 12ஆம் தேதி ஏறாவூரில் மறுபடியும் முஸ்லிம் மக்கள் மீது படுகொலை. 15ஆம் தேதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த யூஜின் ஹீபேர்ட் பாதர் காணாமல் போனார். கிழக்கின் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்து, பிறகு தொழிற்கல்வி நிலையத்தில் பணியாற்றிய அமெரிக்கர் அவர், வயது 66. உடன் வந்த தமிழ் இளைஞரும் காணாமல் போனார். இருவருக்கும் என்ன ஆனது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. 9ஆம் தேதி சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் மீது படுகொலை. நகரைச் சுற்றி ஆறு வாரத்துக்குள் இத்தனையும் நடந்தன. மட்டக்களப்பு நகரப் பள்ளிகளின் வகுப்பறைகளில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். ஆளுக்கொரு திசையில் ஆளுக்கொரு மரணம். ஹீபேர்ட் பாதரை மறவாமல் நினைக்கிறார்கள், அது நியாயம். அவருடன் போன இளைஞரை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. அவருக்கும் ஒரு வகுப்பறை இருந்திருக்கும், ஒரு வாங்கில் பக்கத்து இடம் இருந்திருக்கும், பெயரைச் சொல்லி அழைத்த ஆசிரியர் இருந்திருப்பார். தமிழ் நண்பனின் அஞ்சலியில் சத்துருக்கொண்டான் மட்டும், முஸ்லிம் நண்பனின் அஞ்சலியில் காத்தான்குடி மட்டும் என்று நினைவு இரண்டாகப் பிளந்துவிட்டால், ஒரே வாங்கில் இருந்ததற்குப் பொருள் இல்லாமல் போகும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் உரிமை அரசியல்வாதியைவிட வகுப்புத் தோழனுக்கே அதிகம்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, இது சலுகை பெற்றவர்களின் நினைவு என்பது. ஒரு காலத்தில் ஆங்கிலமும் கட்டணமும் விடுதியும் கொண்ட பள்ளிகள் இவை. படுவான்கரைக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைக்கு அந்த வாசல் எளிதில் திறந்ததில்லை. பெண்களுக்குத் திறந்ததே இல்லை. மறுப்பு உண்மையானது, அதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதற்கு மருந்து நினைவைக் கைவிடுவதா? வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதற்கும் சாட்சி சொல்லக் கூடியவர்கள் உள்ளே இருந்தவர்களே. விடுதியில் சமைத்தவர், மணி அடித்த பியோன், ஆய்வுகூடத்தில் உதவியாளராக முப்பது ஆண்டு நின்றவர் ஆகியோருக்கு அஞ்சலிக் குறிப்பு வருகிறதா என்று சங்கங்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். வந்தால் அந்த நினைவு மேட்டுக்குடி நினைவாக இராது.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். நம் பண்பாட்டில் மரணம் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடுகிறது. எல்லா ஆசிரியரும் ‘கண்டிப்பும் கனிவும் மிக்கவர்’ ஆகிவிடுகிறார்கள். முழங்கால் பின்புறம் தழும்பு விழ அடித்தவருக்கும் அதே சொல், பசித்த பிள்ளைக்குத் தன் சாப்பாட்டைக் கொடுத்தவருக்கும் அதே சொல். இப்படிச் செய்வது நல்லவருக்கு இழைக்கும் அநீதி. புகழ்ச்சி மட்டும் பேசும் வழக்கத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. அயர்லாந்தில் கத்தோலிக்கச் சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமைகளை 2009இல் ரயன் அறிக்கை வெளியிட்டபோது, பல்லாண்டுகளாக அங்கே வளர்ந்தவர்களின் வாயை அடைத்திருந்த மௌனமும் வெளிப்பட்டது. மட்டக்களப்பின் மீதோ வேறு பள்ளியின் மீதோ நான் குற்றம் சுமத்தவில்லை. புகழுரை மட்டுமே அனுமதிக்கப்படும் அவையில் துன்பப்பட்டவன் பேசமாட்டான் என்பதைத்தான் சொல்கிறேன். அவனுக்கும் இடம் வைத்த அஞ்சலியே நம்பத்தக்க அஞ்சலி.

பணம் பற்றிய மறுப்பு நடைமுறை சார்ந்தது. பள்ளிக்குக் கணினியும் கழிப்பறையும் வேண்டும், வறிய மாணவனுக்கு உதவிப்பணம் வேண்டும், பழங்கதை எழுத நேரம் ஏது என்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இராப்போசன விருந்து வைத்து நிதி சேர்ப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காசு எதனால் வருகிறது? ஒரு பையனாக அந்த வாவிக்கரையில் ஓடியது மனதில் இருப்பதால் வருகிறது. வெளிநாட்டில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை, எழுதிக் கொடுத்தால் ஒழிய வரவும் வராது. நினைவு நின்றுபோனால் ஒரு தலைமுறைக்குள் நிதியும் நின்றுபோகும்.

பழையதைக் கிளறினால் பகை வளரும், எழுதுபவருக்கும் ஆபத்து என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஊரில் உறவினர் இருக்கிறார்கள். காணாமல் போனவரின் தாய் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் இன்றே அச்சடிக்கச் சொல்லவில்லை. எழுதி, தேதியிட்டு, சொன்னவரின் சம்மதத்தோடு பத்து ஆண்டோ இருபது ஆண்டோ கழித்துத் திறக்கும்படி ஒப்படைக்கலாம். குடும்பத்தார் மறுத்தால் பெயரை விடலாம். அச்சத்துக்கு வழி பார்த்து எழுதுவது வேறு, அச்சத்தைச் சாட்டி எழுதாமலே விடுவது வேறு.

செய்வதற்குப் பெரிய பணமும் வேண்டாம். ஈழத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனம் பள்ளி மலர்களையும் சேர்த்து வருகிறது. யார் வீட்டு அலுமாரியிலாவது கிடக்கும் ஆண்டு மலர், பரிசளிப்பு விழா அறிக்கை, விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல் எதுவானாலும் அங்கே சேர வேண்டும். வகுப்புப் படங்களுக்குப் பெயர் எழுதும் வேலையை ஆண்டுவாரியாக இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் இறந்த செய்தி வரும்போது ‘சாந்தியடையட்டும்’ என்பதோடு நிறுத்தாமல், அவரைப் பற்றித் தமக்கு நேரில் தெரிந்த ஒரு சம்பவத்தை ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதினால், ஐம்பது பேர் சேர்ந்து ஒரு வாழ்க்கையை எழுதிவிடலாம்.

காத்திருக்க நேரம் இல்லை. 1955இல் பதினைந்து வயதில் அமெரிக்கப் பாதர்களிடம் படித்தவருக்கு இன்று எண்பதைக் கடந்த வயது. பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த விருந்துக்கு மண்டபம் பதிவு செய்யும் முன், ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ள எண்பது கடந்தவர்களின் பட்டியலைப் போட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.