ஒரு நாவலும் மூன்று திரைப்படங்களும்

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் காட்டு வழியே செல்லும் யாத்திரிகருள், அந்த மரநிழல்களில் ஒரு காலத்தில் அகதிகளாய்ப் படுத்துறங்கியவர்கள் இன்றும் பலர் உளர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி, அடைக்கலமென நம்பியிருந்த ஆலய வளவினுள்ளேயே எறிகணைகள் வீழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேதான் அது மடுவுக்கு மீண்டது. இத்தகைய மண்ணில் வாழ்பவர் ஒரு போர்ப் படத்தைப் பார்க்கும்போது, 'படம் நன்றாயிருக்கிறதா?' என்று கேட்பதோடு அமையார், 'இது மெய்தானா?' என்றும் கேட்பர்.

அக்கேள்வியைக் கேட்பதற்கு மிகப் பொருத்தமானது, ஜேர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க் 1929இல் வெளியிட்ட நாவல். 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்பது அதன் ஜேர்மன் தலைப்பின் பொருள். ஆங்கிலத்தில் அது 'மேற்கு முனையில் யாவும் அமைதி' என்று பொருள்படும் பெயர் பெற்றது. ஆசிரியர் 1917இல் பிளாண்டர்ஸ் களத்தில் காயமுற்றவர். ஆசிரியரின் ஆவேசப் பேச்சைக் கேட்டுப் படையிற் சேர்ந்த பவுல் போய்மர் என்ற மாணவனின் கதையே நாவல். இக்கதை மூன்று முறை படமாகியிருக்கிறது: 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் அமெரிக்காவில் எடுத்தது; 1979இல் டெல்பர்ட் மான் தொலைக்காட்சிக்காக எடுத்தது; 2022இல் எட்வர்ட் பெர்கர் ஜேர்மன் மொழியிலேயே எடுத்தது.

முதற் படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்கத்துக்கும் ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆயினும் 1930 டிசம்பரில் பெர்லினில் அது திரையிடப்பட்டபோது, கோயபெல்ஸின் தலைமையில் நாஜிகள் அரங்கினுள் துர்நாற்றக் குண்டுகளை எறிந்தும், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும் கலகம் விளைத்தனர். சில நாட்களில் படம் அங்கே தடைசெய்யப்பட்டது. 1933இல் நூலும் தீயிலிடப்பட்டது. ஒரு கதையைக் கண்டு ஆயுதம் ஏந்தியோர் அஞ்சினர் என்றால், அதில் ஏதோ உண்மை இருந்திருத்தல் வேண்டுமன்றோ?

மூன்று படங்களையும் ஒப்புநோக்குவதற்கு மூன்று இடங்கள் போதும்.

முதலாவது, இறந்தவனின் உடைமை. நாவலில் கெம்மரிக் என்பவனின் நல்ல சப்பாத்துகள், அவன் மாண்டபின் கால் மாறிக் கால் மாறிச் செல்கின்றன. 1930ஆம் ஆண்டுப் படத்தில் முகங்கள் மறைய, சப்பாத்துகள் மட்டும் நடந்து செல்வதைக் காண்கிறோம். 2022ஆம் ஆண்டுப் படமோ மாண்ட ஒருவனின் சீருடையைக் கழுவி, தைத்து, பவுலின் கையில் கொடுக்கிறது. உள்ளே பழைய பெயர்த்துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. நாவலில் இல்லாத காட்சியாயினும், நாவலின் உள்ளத்தை நன்கறிந்த காட்சி இது.

இரண்டாவது, விடுமுறை. பவுல் சில நாட்களுக்கு வீடு வருகிறான். தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். தந்தையோ போர்க் கதை கேட்க ஆவலுறுகிறார். ஊர்ப் பெரியவர்கள் மேசையைச் சுற்றியமர்ந்து, படை எந்தப் பக்கமாக முன்னேற வேண்டும் என்று அவனுக்கே பாடம் சொல்கின்றனர். கெம்மரிக்கின் தாயிடம், அவர் மகன் நோவின்றி உடனே இறந்தான் என்று பவுல் பொய்ச் சத்தியம் செய்கிறான். முதற் படம் இவ்விடத்தில், பவுலைப் பழைய வகுப்பறைக்கே அழைத்துச் சென்று, மாணவரிடம் உண்மையைச் சொல்ல வைக்கிறது. அவர்கள் அவனைக் கோழை என்கின்றனர். 1979ஆம் ஆண்டுப் படமும் வீட்டையும் தாயையும் விடவில்லை. தாயாகப் பற்றீசியா நீல் நடித்தார். 2022ஆம் ஆண்டுப் படம் விடுமுறையை அடியோடு நீக்கிவிட்டு, அவ்விடத்தில் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையைப் புகுத்தியது.

மூன்றாவது, முடிவு. நாவலில் பவுல் 1918 ஒக்டோபரில், செய்தியாகச் சொல்ல எதுவுமில்லாத ஓர் அமைதியான நாளில் சாகிறான். முதற் படத்தில் அவன் ஒரு வண்ணத்துப்பூச்சியை எட்டிப் பிடிக்க நீட்டிய கை துவள்கிறது. அங்கே நடித்தது இயக்குநரின் கையே. இரண்டாவதில் ஒரு பறவையை வரைய எழுந்து நிற்கையில் சுடப்படுகிறான். மூன்றாவதில், நவம்பர் 11ஆந் திகதி போர் ஓயச் சில நிமிடங்களே இருக்கையில், ஒரு தளபதியின் வீண் பெருமைக்காக ஏவப்பட்ட தாக்குதலில் குத்துண்டு இறக்கிறான்.

இம்முடிவு நெஞ்சை உலுக்குவதில் ஐயமில்லை. நான்கு ஒஸ்கார் விருதுகளும் அப்படத்துக்குத் தகும். ஆனால், குற்றவாளியாக ஒரு தளபதியைக் காட்டியவுடன் ஊர் தப்பிவிடுகிறது. ரெமார்க் கைநீட்டிக் காட்டியவர்கள் தளபதிகள் மட்டுமல்லர். பிள்ளைகளை அனுப்பிவைத்த ஆசிரியரும், மேசையருகே போர் நடத்திய பெரியவர்களுமே. விடுமுறை இல்லாத கதையில் அப்பெரியவர்களுக்கு இடமில்லை. சேறும் குருதியும் எவ்வளவு மெய்யாகத் தோன்றினும், அவ்வெற்றிடத்தை அவற்றால் நிரப்ப இயலாது.

நம் ஊர்த் திண்ணைகளிலும் யுத்தம் நடத்தியவர்கள் இருந்தனர். பிள்ளையின் கடைசி நேரத்தைக் கேட்டறிய ஏங்கிய தாய்மாரும், அவர்களிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியவர்களும் நம்மிடையே இன்றும் உளர். ஆதலால், தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த அக்கறுப்பு வெள்ளைப் படமே நமக்கு அண்மையில் நிற்கிறது. அதில் பவுலாக நடித்த லூ ஏயர்ஸ், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, மருத்துவப் பணியாளராகக் களம் சென்றார் என்பது அப்படத்தின் மெய்ம்மைக்கு வாய்த்த இன்னொரு சான்று.

வளர்ந்த பிள்ளைகளுள்ள வீட்டார் முதலில் 1930ஆம் ஆண்டுப் படத்தை அவர்களோடு அமர்ந்து பார்க்கலாம். 2022ஆம் ஆண்டுப் படத்தைச் சிறுவர் காணாதிருத்தல் நன்று. படம் முடிந்ததும் பிள்ளைகள் ஏதேனும் கேட்பார்கள். அப்போது, இதுவரை விழுங்கிவைத்த மீதியையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.