சங்கமாகச் சொல்வோம்



அந்தி சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்வது எமது திருக்கோவில் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. போர்க்காலத்தில் அது உயிர்ப் பயம். 2009இல் போர் முடிந்தது. ஆனால் பயம் வேறு உருவம் எடுத்தது. கணவனை இழந்த ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்:

"வேலிக்குப் பின்னால கசிப்பு விக்கிறாங்க புள்ள. பொலிசுக்குப் போனா, ஆரு சொன்னதெண்டு நாளைக்கே தெரிஞ்சிடும். நான் தனியக் கிடக்கிறவள்."

அவர் பயத்தில் நியாயம் உண்டு. சீருடையைக் கண்டு நடுங்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒருத்தி தனியாகச் சொல்ல முடியாததைச் சங்கமாகச் சொல்லலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம் தனி ஒருத்தியின் முறைப்பாடாக நிற்காது; ஊரின் கோரிக்கையாகவே நிற்கும்.

எதை எங்கே சொல்வது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இருட்டான வீதிக்கு விளக்குக் கேட்பது பிரதேச சபையிடம். கசிப்பு பற்றிப் பொலிசாருக்கோ மதுவரித் திணைக்களத்துக்கோ அறிவிக்கலாம். வேலி, சிறு கடன் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபையில் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எமது பகுதி மக்களே மத்தியஸ்தர்களாக இருந்து, இரு தரப்பையும் கேட்டு இணக்கம் காண முயல்வார்கள்.

ஆனால் வீட்டுக்குள் விழும் அடி வேலிச் சண்டை அல்ல. அங்கே "சமாதானமாகப் போங்கள்" என்று நாமே அனுப்பிவைப்பது பெரும் பிழை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது 12 மாதங்கள் வரை செல்லும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் உதவி கேட்கலாம்.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது எமது உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள்.

அந்தச் சகோதரி முதற் கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் இருந்தார். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "எங்கட ஒழுங்கைக்கு ஒரு லைற் கேப்பம்" என்றார். கசிப்பு அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் முதல் ஒப்பம் அவருடையது.

பொலிஸ் அவசர அழைப்புக்கு 119, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. இவற்றை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.