கீமோவுக்குப் பிறகு காய்ச்சலா? மாத்திரை போட்டு அமுக்காதீர்கள்

கீமோ போட்டு வீடு திரும்பியவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்து, "திங்கட்கிழமை ஓ.பி.யில் காட்டிக்கலாம்" என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். எத்தனை வீடுகளில் பார்த்தாயிற்று! திங்கட்கிழமைக்குள் கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசர சிகிச்சை தேவை. மருத்துவமனைக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறியாக வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.

கீமோ வார்டு செவிலியர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். பில் கட்டும் பரபரப்பில் யார் கேட்கிறார்கள்? கிளம்பும் முன் "ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்குப் பேசணும், சிஸ்டர்?" என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கமே எழுதி வாங்குங்கள். நம்பர் தராமலே அனுப்பும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. விடாதீர்கள், வாங்கிக்கொண்டே நகருங்கள். சம்மரியில் மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், தெர்மாமீட்டர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

அவசரப் பிரிவில் வாய் திறந்ததும், "கீமோ போட்டுப் பத்து நாள் ஆகுது, இப்போ காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வெறுமனே "காய்ச்சல்" என்றால் சீட்டு வாங்கி வரிசையில் உட்காரச் சொல்வார்கள். உட்காராதீர்கள், சம்மரியை நீட்டி மறுபடி சொல்லுங்கள்.

காய்ச்சல் மட்டுமல்ல, கீமோ மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிந்தால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். சில மருந்துகள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே அழுகிவிடும். பல்லைக் கடித்துப் பொறுப்பது இங்கே தைரியமல்ல, ஆபத்து. வாந்தி மாத்திரையையும் வாந்தி வந்தபின் தேடாமல் சொன்ன வேளைக்குப் போடுங்கள்.

வலி முற்றிய நோயாளிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால், 'போதை மருந்து' என்று பயந்து ஒளித்துவைக்காதீர்கள். வலிக்காக, சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் தேவையில்லை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கியையும் சேர்த்தே கேளுங்கள். படுக்கையோடு இருப்பவருக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதியுங்கள். அங்கே அலைக்கழித்தால் 104க்குப் பேசுங்கள். ஆனால் காய்ச்சலென்றால் அந்தச் செவிலியர் வரும்வரை காத்திருக்காதீர்கள்: 108ஐக் கூப்பிடுங்கள்.