கறுப்பு வெள்ளை அச்சுத்தாளின் கிரேடு

நெகட்டிவில் உள்ள ஒளி வேறுபாட்டை அச்சுத்தாள் எவ்வளவு மென்மையாக அல்லது அழுத்தமாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் எண் கிரேடு எனப்படுகிறது. இது பொதுவாக 0 முதல் 5 வரை அமையும். 2 இயல்பானது, அதற்குக் கீழே மென்மை, மேலே அழுத்தம். ஒரு நிறுவனத்தின் 2, இன்னொன்றின் 2 போலவே இருக்கும் என்று நம்ப முடியாது.

தேர்வு நெகட்டிவுக்கு நேர்மாறாகச் செல்கிறது. மேகமூட்டத்தில் எடுத்த, வேறுபாடு குறைந்த நெகட்டிவுக்கு அழுத்தமான தாள் தேவை. உச்சி வெயிலில் எடுத்ததற்கோ டெவலப்பரில் அதிக நேரம் கிடந்ததற்கோ மென்மையான தாள் பொருந்தும்.

படம் சோர்வாகத் தெரிந்தால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஒளி விழும் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கறுப்பு கிடைக்கும், கூடவே முகமும் வானமும் அழுக்கடையும். நேரத்தின் வேலை வேறு, கிரேடின் வேலை வேறு. முதலில் 2ஆம் கிரேடில் சோதனைப் பட்டை எடுத்து, வெள்ளைச் சட்டையின் மடிப்பு போன்ற வெளிர்ந்த பகுதி சரியாக வரும் நேரத்தைக் கண்டறிய வேண்டும். அதே நேரத்தில் நிழல் எப்படி வந்துள்ளது என்று பிறகு பார்க்க வேண்டும். கறுப்பு சாம்பலாக நின்றால் கிரேடை உயர்த்தலாம்; நிழலின் விவரங்கள் மூழ்கிப்போனால் குறைக்கலாம். கிரேடு மாறியதும் நேரத்தை மீண்டும் சோதிப்பது அவசியம். தாளை டெவலப்பரிலிருந்து பாதியில் எடுத்து மென்மையை வரவழைக்கப் பார்ப்பது வீண், கறுப்பு முழுமையடையாது. சிவப்பு விளக்கு ஏமாற்றும் என்பதால் வெள்ளை ஒளியில், முடிந்தால் உலர்ந்த பின் மதிப்பிடுவது நல்லது. ஈரப் படம் உலரும்போது சற்றுக் கருக்கும்.

ஒவ்வொரு கிரேடுக்கும் தனிப் பெட்டி வாங்கும் தேவையை மாறும் கிரேடு தாள்கள் நீக்கின. இல்போர்டின் மல்டிகிரேடு 1940இல் அறிமுகமானது. இத்தகைய தாள் பச்சை ஒளியில் மென்மையாகவும் நீல ஒளியில் அழுத்தமாகவும் பதியும். மஞ்சள் வடிகட்டி நீலத்தைத் தடுக்கும். மெஜந்தா பச்சையைத் தடுக்கும். இல்போர்டின் தொகுப்பில் 00 முதல் 5 வரை 12 வடிகட்டிகள் உள்ளன. அவற்றில் 4 முதல் மேலே ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் தேவை. ஒரே படத்தில் வானத்துக்கு ஒரு கிரேடும் தரைக்கு வேறொன்றும் தர முடிவதுதான் இதன் பெரிய ஆதாயம்.

ஆனாலும் நெகட்டிவை அளந்து மட்டும் கிரேடை முடிவுசெய்ய முடியாது. பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் பில் பிரான்ட் பிற்காலத்தில் தம் பழைய நெகட்டிவுகளையே மிக அழுத்தமாக மறுபடி அச்சிட்டார். முந்தைய அச்சுகளில் நிழலுக்குள் தெரிந்த விவரங்கள் பல அவற்றில் முழுக் கறுப்பாகிவிட்டன.