ஒருமுறை தவறியவர் மீண்டும் புனிதர் ஆக முடியுமா? ஆதி கிறிஸ்தவர்களை உலுக்கிய கேள்வி!

எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா நகரம். கி.பி 250-களின் தொடக்கம். ஒரு வீட்டில் செராபியோன் என்ற முதியவர் சாகக் கிடக்கிறார். மூன்று நாள்களாகப் பேச்சு இல்லை, நினைவும் இல்லை. நான்காம் நாள் லேசாகக் கண் விழித்தவர், மகள் வயிற்றுப் பேரனைப் பக்கத்தில் அழைக்கிறார். சீக்கிரம் ஓடிப்போய் ஒரு பாதிரியாரைக் கூட்டி வா என்கிறார்.

பேரன் ஓடுகிறான். அது இரவு நேரம். பாதிரியாரும் உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார். ஆனால், சிக்கல் அது மட்டுமல்ல. செராபியோன் சபையால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்.

நெடுங்காலம் குறை சொல்ல முடியாத கிறிஸ்தவராக வாழ்ந்தவர்தான் அவர். துன்புறுத்தல் வந்தபோது மட்டும், உயிருக்குப் பயந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டார். அதன்பிறகு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த இரவில் பேரன் வெறுங்கையோடு திரும்பினானா? அதைத் தெரிந்துகொள்வதற்கு முன், அன்றைய கிறிஸ்தவர்கள் 'புனிதம்' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்த்துவிடலாம்.

புனிதம் என்றால் அழுக்கில்லாததா?

புனிதம் என்றதும் நம் மனதில் முதலில் வருவது சுத்தபத்தம். மாசு மறு இல்லாதது, எவரும் எளிதில் தொடக் கூடாதது. ஆனால், கிறிஸ்தவம் பிறந்த யூத மண்ணில் இந்தச் சொல்லுக்கு இன்னோர் அடிப்படை இருந்தது. எபிரேய மொழியில் 'காதோஷ்' என்றால் 'தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது' என்ற பொருளும் உண்டு. கோயிலில் இருந்த ஒரு பாத்திரம் பளபளப்பாக இருந்ததால் புனிதமாகிவிடவில்லை. கடவுளுக்கென்று எடுத்து வைக்கப்பட்டதால்தான் அது புனிதம். ஓய்வுநாளும் அப்படித்தான், ஒரு மக்கள் கூட்டமும் அப்படித்தான்.

ஆதி கிறிஸ்தவர்கள் இதற்கு 'ஹாகியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பவுல் தன் கடிதங்களில் சாதாரண சபை மக்களையே இந்தச் சொல்லால் அழைக்கிறார். பழைய தமிழ் பைபிளில் இது 'பரிசுத்தவான்கள்' என்று வரும். இன்று நாம் 'புனிதர்' என்றால் இறந்துபோன, அற்புதங்கள் செய்த ஒருவரை நினைக்கிறோம். பவுல் சொன்னதோ உயிரோடு கடைத்தெருவில் நடமாடிக்கொண்டிருந்தவர்களை!

அவர்கள் அத்தனை பேரும் உத்தமர்களா? இல்லவே இல்லை. கி.பி 50-களில் கொரிந்து நகரச் சபைக்கு பவுல் எழுதிய கடிதத்தைப் படித்தால் தெரியும். அங்கே கோஷ்டிப் பூசல் இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். சேர்ந்து சாப்பிடும் விருந்தில் வசதியானவர்கள் முதலில் சாப்பிட்டுக் குடித்து முடித்துவிட, ஏழைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். தகாத உறவில் இருந்த ஒருவரைச் சபையைவிட்டு விலக்கவும் சொல்கிறார். ஆனாலும், அதே கடிதத்தின் தொடக்கத்தில் இந்த மக்களைப் பரிசுத்தர்கள் என்றுதான் அழைக்கிறார்.

அதாவது, கடவுளுக்கு உரியவர்கள் என்ற பெயர் முதலில் கிடைத்துவிட்டது. அந்தப் பெயருக்கு ஏற்ற வாழ்க்கையை அவர்கள் இனிமேல்தான் வாழ்ந்து காட்ட வேண்டும். சரி, அப்படி வாழத் தவறினால்? அந்தக் கேள்விக்கான சோதனை 200 ஆண்டுகள் கழித்து வந்தது.

ஒரு துண்டு பாப்பிரஸ்

கி.பி 249-ல் ரோமப் பேரரசரான டேசியஸ், பேரரசில் இருக்கும் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். பலி செலுத்தியவர்களுக்கு அதிகாரிகள் முன்னிலையில் ஒரு சான்றிதழ் தரப்பட்டது. பலி கொடுத்தேன், பலியுணவைச் சாப்பிட்டேன் என்று உறுதி கூறும் இந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன.

மறுத்தவர்களுக்குச் சிறை, சித்ரவதை, நாடு கடத்தல். சிலருக்கு மரணம். ரோம் நகர ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே உயிரிழந்தார்.

பலர் உறுதியாக நின்றார்கள். ஆனால், பெரும் எண்ணிக்கையில் தவறியவர்களும் உண்டு. அலெக்ஸாண்ட்ரியாவில் சிலர் முகம் வெளுத்து, நடுங்கிக்கொண்டே பலிபீடத்துக்கு வந்ததையும், சுற்றி நின்ற கூட்டம் அவர்களைக் கேலி செய்ததையும் அந்த நகரின் ஆயர் டயோனிசியஸ் பதிவு செய்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் நிலைமை இன்னும் மோசம். மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்ன பிறகும், இன்றே முடித்துவிடுங்கள் என்று கேட்டவர்கள் இருந்ததாக அந்த நகர ஆயர் சிப்ரியன் வேதனையோடு எழுதுகிறார். இன்னும் சிலர் பலி செலுத்தாமலேயே, லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

251-ல் டேசியஸ் போரில் இறந்தார். புயல் அடங்கியது. தவறியவர்கள் சபையின் கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் சிறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். சிலர் தங்கள் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்திருந்தார்கள்.

கதவைத் திறப்பதா, மூடுவதா?

ரோம் நகரில் நொவேஷியன் என்ற பாதிரியார், மூடத்தான் வேண்டும் என்றார். பலி செலுத்தியவர்கள் வாழ்நாள் முழுக்க மனம் வருந்தட்டும், கடவுள் வேண்டுமானால் மன்னிக்கட்டும், சபைக்கு அந்த உரிமை இல்லை என்பது அவர் வாதம். சபை புனிதமானது என்றால், அதில் இருப்பவர்களும் கறைபடாதவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு 'தூயவர்கள்' என்றே பெயர் வந்தது.

இதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட முடியாது. உயிரைக் கொடுத்தவர்களுக்கும், காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கும் ஒரே பந்தியில் இடமென்றால், அந்தத் தியாகத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

கார்த்தேஜில் சிக்கல் நேர்மாறாக இருந்தது. நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை. அவர்கள் தவறியவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கத் தொடங்கினார்கள். சில கடிதங்களில், இன்னாரையும் அவர் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மொத்தமாக எழுதப்பட்டிருந்தது. வீட்டார் என்றால் எத்தனை பேர்? எவருக்கும் தெரியாது!

துன்புறுத்தல் காலத்தில் தலைமறைவாக இருந்ததால் சிப்ரியன் மீதும் விமர்சனம் இருந்தது. அவர் இரண்டு பக்கத்தையும் ஏற்கவில்லை. கேட்டவுடன் சேர்த்துக்கொள்வதும் தவறு, எப்போதுமே சேர்க்காமல் இருப்பதும் தவறு என்றார். ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியாக விசாரிக்கச் சொன்னார். தானாக ஓடிப்போய்ப் பலி கொடுத்தவரும், நீண்ட நேரம் போராடித் தோற்றவரும் ஒன்றா? மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்றத் தான் மட்டும் போய்ப் பலி செலுத்திய குடும்பத் தலைவரை எப்படி எடைபோடுவது?

251-ல் ஆயர்கள் கூடி முடிவெடுத்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலி செலுத்தியவர்கள் மனம் வருந்தும் காலத்தைத் தொடர வேண்டும், சாகும் தறுவாயில் மட்டும் அவர்களுக்கு மன்னிப்பு உண்டு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, உண்மையாக மனம் வருந்திக் காத்திருந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டார்கள். வரப்போகும் சோதனையை அவர்கள் தனியாகச் சந்திக்க வேண்டாம் என்பதே காரணம்.

அந்தச் சோதனை சிப்ரியனையும் தேடி வந்தது. 258 செப்டம்பர் 14-ம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்த முறை அவர் ஓடி ஒளியவில்லை. தன் தலையை வெட்ட வந்தவருக்கு 25 தங்கக் காசுகள் கொடுக்கச் சொன்னார் என்கிறது, அவரது மரணம் பற்றிய பழைய பதிவு.

உயிரைக் கொடுத்தவர்களின் தீர்ப்பு

அலெக்ஸாண்ட்ரியாவின் டயோனிசியஸ் இதே விவாதத்தில் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறார். அவர் நகரத்தில் உயிரைக் கொடுத்த சாட்சிகள், சாவதற்கு முன்பே, தவறியவர்களில் மனம் திரும்பிய சிலரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அவர்களோடு ஜெபித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அதிகம் இழந்தவர்களே மன்னித்துவிட்டபோது, அந்தத் தீர்ப்பை நாம் மாற்றலாமா என்று கேட்கிறார் டயோனிசியஸ்.

அவர் வெறுமனே கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. சாகும் நிலையில் இருப்பவர்கள் கேட்டால், குறிப்பாக முன்பே கெஞ்சிக் கேட்டவர்களாக இருந்தால், மன்னிப்பு வழங்கி நம்பிக்கையோடு அனுப்பிவையுங்கள் என்று தன் பாதிரியார்களுக்கு உத்தரவு கொடுத்திருந்தார்.

செராபியோனின் பேரன் போய் நின்றபோது, படுக்கையில் இருந்த பாதிரியாருக்கு அந்த உத்தரவு நினைவில் இருந்தது. வழிபாட்டில் பகிரப்படும் நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைச் சிறுவன் கையில் கொடுத்தார். அதை நனைத்துத் தாத்தாவின் வாயில் விடு என்றார்.

சிறுவன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தாத்தாவுக்கு மீண்டும் நினைவு வந்துவிட்டது. பாதிரியாரால் வர முடியவில்லை என்பதை அவரே சொன்னார். அவர் சொன்னபடி சீக்கிரம் செய், என்னை விடுவி என்றார். பேரன் அப்பத்தை நனைத்து வாயில் விட்டான். கொஞ்சம் விழுங்கியதும் முதியவரின் உயிர் பிரிந்தது. ஒதுக்கப்பட்டவராக அல்ல, சபையில் ஒருவராக.

நொவேஷியன் பக்கம் சாய்ந்திருந்த அந்தியோகியா ஆயர் ஃபேபியஸுக்கு எழுதிய கடிதத்தில்தான் டயோனிசியஸ் இந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். வரலாற்றாசிரியர் யூசிபியஸ் அதைத் தன் நூலில் எடுத்துப் பாதுகாத்து வைத்தார்.

பேரரசர் சொன்ன ஏணிக் கதை

325-ல் நிசேயா நகரில் ஆயர்கள் பெரிய அளவில் கூடினார்கள். 'தூயவர்கள்' பிரிவைச் சேர்ந்த அசேசியஸ் என்ற ஆயரும் வந்திருந்தார். தவறியவர்களுக்கு இடம் கிடையாது என்று அவர் விளக்கியதும், அப்படியானால் ஓர் ஏணியைப் போட்டு நீர் மட்டும் தனியாகச் சொர்க்கத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் சொன்னதாக, 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதுகிறார்.

ஆனால், அந்தக் கூட்டம் எல்லாவற்றையும் எளிதாக்கிவிடவில்லை. எந்தக் கட்டாயமும் இல்லாமலேயே நம்பிக்கையைக் கைவிட்டவர்கள் திரும்பி வர மொத்தம் 12 ஆண்டுகள் மனம் வருந்திக் காத்திருக்க வேண்டும் என்று விதித்தது. 'தூயவர்கள்' பிரிவினர் பொதுச் சபையில் சேர வந்தால், தவறி மீண்டவர்களோடு ஒன்றாக உட்கார ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

அந்தக் காலத்தில் கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டில், புனிதமானவை புனிதர்களுக்கே என்று பாதிரியார் அறிவிப்பார். மக்களோ, நாங்கள் புனிதர்கள் என்று சொல்ல மாட்டார்கள். புனிதர் ஒருவரே என்று கிறிஸ்துவைக் குறிப்பிட்டுப் பதில் சொல்வார்கள். அவர் இயல்பிலேயே புனிதர், நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொள்பவர்கள், அதைப் பயிற்சியாலும் ஜெபத்தாலும் வளர்ப்பவர்கள் என்று 4-ம் நூற்றாண்டின் ஜெருசலேம் போதனை இதற்கு விளக்கம் தருகிறது.

நிசேயா விதிகளில் 13-வது விதி, சாகும் நிலையில் இருக்கும் ஒருவர் கேட்டால், கடைசிப் பயணத்துக்கான அந்த உணவை மறுக்கக் கூடாது என்கிறது. அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு பேரன் கையில் அப்பத் துண்டோடு இரவில் ஓடி வந்து, அப்போது 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.