பனியிரவும் விண்மீன் காட்சியும்

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பெரும்பொழுது ஆறனுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே இட்டு வழங்கினர் நம் முன்னோர். வானத்தை நோக்க விழைவோர்க்கும் இக்காலமே உகந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து முகில் கலைந்தபின், தை மாத முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியன உச்சிவானில் அணிவகுத்து நிற்கும். கார்த்திகைக் கூட்டத்தைத் தொடர்ந்து எழுவதால் ரோகிணியை ‘அல்தபரான்’, அதாவது ‘பின்தொடர்வது’ என அராபியர் அழைத்தனர். அப்பெயரே இன்றும் உலக வழக்கில் உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் பரிபாடலில் வரும் வானியற் செய்திகளைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். “ஐயா, இவ்விண்மீன்களுள் ஒன்றையேனும் நாங்கள் அடையாளம் கண்டதில்லையே!” என்று மாணவர் ஒருவர் கூறினார். அக்குறையைப் போக்கக் கருதி, தை மாத விடுமுறையில், நிலவில்லா ஓரிரவு பதினெட்டு மாணவர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றேன். நள்ளிரவு கடந்தபின் ஒரு மாணவர் மட்டும் பேச்சின்றிப் பாறைமேல் ஒடுங்கி அமர்ந்திருக்கக் கண்டேன். கைகள் நடுங்கின, சொற்கள் குழறின. மலையேறியபோது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை ஒன்றே அவர் மேனியில் இருந்தது. “ஸ்வெட்டர் கொண்டுவரவில்லையா, தம்பி?” என்றேன். “எங்கள் வீட்டில் இல்லை, ஐயா” என்றார்.

ஈரச் சட்டையைக் களைந்து, உலர்ந்த ஆடை உடுத்தி, கம்பளி போர்த்தி, வண்டிக்குள் அமர்த்திச் சூடான தேநீர் அளித்தோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்தார். ஆயினும் என் மனம் தெளியவில்லை. காணவேண்டிய விண்மீன்களின் பட்டியலை முன்கூட்டியே அளித்த நான், உடுத்தவேண்டியன பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இல்லாதவர் யார் என வினவவும் இல்லை. அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

தெளிந்த வானம் குளிர்வது ஏன்?

பகலில் கதிரவனிடம் பெற்ற வெப்பத்தை இரவில் நிலம் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக வெளிவிடுகின்றது. முகில் மூடியிருப்பின் அது போர்வைபோல் நின்று, அவ்வெப்பத்தில் பெரும்பகுதியை மீண்டும் நிலத்திற்கே அனுப்பும். முகிலற்ற இரவில் அப்போர்வை இல்லை. வெப்பம் வான்வெளிக்குச் சென்றுவிடும். எனவே விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இரவே மிகுதியாகக் குளிரும் இரவுமாகின்றது. திறந்தவெளியில் வான்நோக்கிப் படுத்திருப்பவரின் உடலும் நிலத்தைப் போலவே வெப்பத்தை இழக்கின்றது.

ஏனைய குளிரிரவுகளில் தீ மூட்டிக் காயலாம். நடந்தும் ஓடியும் உடலைச் சூடாக்கலாம். வான் நோக்குவோர்க்கு இவ்விரண்டும் அரிது. இருளுக்குக் கண் நன்கு பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் தேவை; ஒரு முறை தீயை நோக்கினால் அப்பழக்கம் கெட்டுவிடும். தொலைநோக்கியின் முன் அசையாது நிற்கவும் வேண்டும்.

அறிஞர்களும் இவ்விடர்ப்பாட்டுக்கு விலக்கல்லர். தொலைநோக்கி உள்ள கூடத்தை வெப்பமூட்டி வைத்தல் இயலாது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலையும்போது விண்மீனின் உருவம் கலங்கிவிடும். அமெரிக்காவின் பாலோமார் மலையில் 1948இல் நிறுவப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியின் உச்சிக் கூண்டில் அமர்ந்து ஆய்ந்தோர், விமானிகளுக்குரிய, மின்சாரத்தால் சூடேறும் உடைகளை அணிந்தனர். இன்று லடாக்கின் ஹன்லேயில் ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்திலுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரை அடுத்த ஹோசகோட்டேயிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். நமக்கோ அத்தகைய உடையும் இல்லை, வசதியும் இல்லை. முன்னேற்பாடு ஒன்றே நமக்குத் துணை.

காத்துக்கொள்ளும் முறைகள்

முதலாவதாகக் கருதத்தக்கது தரை. வெறும் பாறையும் ஈரமண்ணும் தம்மைத் தொடும் உடலின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துக்கொள்ளும். மேலே இரண்டு போர்வை போர்த்தி, கீழே ஒன்றும் விரிக்காதிருத்தல் பயனற்றது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் பாயும் விரித்தால் போதும். பழைய செய்தித்தாள்களைப் பல மடிப்பாக இடுதலும் நன்று. இவற்றுக்குப் பொருட்செலவு ஏதுமில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாவது உடை. தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடைகள் மூன்று சிறந்தவை. அவற்றின் இடையே தங்கும் அசைவற்ற காற்றே உண்மையான காப்பு. வெளியாடை, வீசும் காற்றைத் தடுப்பதாக இருத்தல் வேண்டும். நனைந்த பருத்தி குளிரையே தரும்; கம்பளியோ ஈரமானபோதும் ஓரளவு சூடு காக்கும். மலையேறும்போது மேலாடையைக் களைந்து, ஏறிய பின்னர் உலர்ந்த சட்டைக்கு மாறி, குளிர் தோன்றுமுன்பே போர்த்திக்கொள்க. இழந்த சூட்டை மீட்பதினும் இருக்கும் சூட்டைக் காத்தல் எளிது.

மூன்றாவது தலையும் கைகால்களும். குல்லாயோ தலைப்பாகையோ காதுகளையும் மறைத்தல் வேண்டும். கழுத்தைத் துண்டால் சுற்றிக்கொள்க. காலுறை இரண்டு அணியலாம். ஆனால் காலணி இறுகிவிடின் குருதியோட்டம் குறைந்து பாதம் மேலும் சில்லிடும். அரைமணிக்கு ஒரு முறை எழுந்து, கைகால்களை அசைத்தல் நன்று.

நான்காவது உணவு. உடலுக்கு எரிபொருள் உணவே. வயிறார உண்டு செல்க. வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் ஆகியவற்றை உடன் கொள்க. குடுவையில் சுக்குக் காப்பியோ தேநீரோ எடுத்துச் செல்லலாம். மது சூடு தரும் என்பது பிழையான எண்ணம். அது தோலின் குருதிக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடும். புகைத்தலோ அக்குழாய்களைச் சுருக்கி, விரல்களைக் குளிரச் செய்யும்.

அபாயக் குறிகள்

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழ் இறங்குதல் உயிருக்கே ஊறு விளைக்கும். நடுக்கம் முதற்குறி. பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமற்ற சோர்வு ஆகியன அடுத்த நிலை. குளிரிலிருந்து மீளாத நிலையிலேயே ஒருவரது நடுக்கம் நின்றுவிடின், நலம் பெற்றார் என எண்ணி ஏமாறலாகாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணரார். ஆதலின் இருவர் இருவராக இணைந்து, ஒருவரை ஒருவர் கவனித்தல் தலையாய கடமை.

மறு ஆண்டு அம்மலைக்கே மீண்டும் சென்றோம். பட்டியலின் முதல் வரியில் விண்மீனின் பெயர் இல்லை. கம்பளி, பாய், உலர்ந்த மாற்றுச் சட்டை என்றிருந்தது. இல்லாதோர்க்கென உபரிப் போர்வைகளை ஆசிரியர்களும் பெரியோர்களும் மனமுவந்து அளித்தனர். முந்திய ஆண்டு நடுங்கிய அம்மாணவரே அவற்றைப் பகிர்ந்தளித்தார். விடியுமட்டும் வானத்தை நோக்கியிருந்தார். வானம் அனைவர்க்கும் பொதுவாயினும், அதனைக் காணும் வாய்ப்பு ஒரு போர்வையின்மையால் எவர்க்கும் மறுக்கப்படலாகாது. அழைத்துச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக.